கம்பி இல்லாத வீடு

கம்பி இல்லாமல் கரண்டு வராது. கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையிலேயே தலை நரைத்த எனக்கு மிஞ்சிய அறிவு இது ஒன்றுதான். எந்த விளக்கு எரிந்தாலும் அதற்குப் பின்னால் ஒரு கம்பி இருக்கும். அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனால் யார் கொடுக்கிறான், யார் எடுக்கிறான் என்று தெரிந்துவிடும். கம்பி கண்ணுக்குத் தெரிந்த காலம் வரைக்கும் மனுஷன் ஓரளவு யோக்கியமாக இருந்தான் என்பது என் எண்ணம்.

பிறகு ரோட்டோரக் கம்பங்களையெல்லாம் பிடுங்கிப் போட்டார்கள். மாசி மாதமே மத்தியானத்தில் ஆட்கள் சுருண்டு விழ ஆரம்பித்த காலம் அது. இருக்கிற கரண்டு எல்லோருக்கும் போதாது, அதனால் தலைக்கு இவ்வளவு என்று பங்கு வைத்தார்கள். வீட்டுக்கு வீடு தளத்துக்கு அடியில் ஒரு தகடு புதைத்தார்கள். மண்தகடு என்று பேர். கரண்டு மண்ணுக்குள் வந்து, அந்தத் தகட்டிலிருந்து ஒரு முழ உயரம் காற்றிலேயே தாவி வீட்டில் ஏறிக்கொள்ளும் என்று சொன்னார்கள். நான் நம்பவில்லை. எங்கேயோ கம்பியை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

ஆளுக்கு ஒரு காப்பு மணிக்கட்டில் மாட்டினார்கள். நாடி துடிக்கிற கைக்குத்தான் பங்கு. அஞ்சு வயசுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு ரெட்டைப் பங்கு, ஏனென்றால் வெயில் முதலில் அவர்களைத்தான் அடிக்கிறது. குழந்தைக் காப்பை யாரும் திருடிவிடக் கூடாது என்று கழற்ற முடியாதபடி செய்திருந்தார்கள்.

எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். நானும் மாட்டிக்கொண்டேன். என் சம்சாரம் கலாமணி செத்த அன்றைக்குத்தான் அது என்ன சாமான் என்று எனக்குப் புரிந்தது.

ஒரு பங்குனி மத்தியானம். உள் அறையில் படுத்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கடைசி மூச்சு போனது எனக்குத் தெரியவே இல்லை. தலைக்கு மேலே அவள் பங்கில் ஓடிக்கொண்டிருந்த ஃபேன் நின்றது. அதைப் பார்த்துத்தான் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணைக்கூட இன்னும் மூடவில்லை, அதற்குள் பங்கை எடுத்துவிட்டார்கள். செத்தவளுக்குக் காற்று எதற்கு என்று எங்கேயோ ஒரு மிஷின் கணக்குப் போட்டிருக்கிறது. பக்கத்து அறையிலிருந்து மகன் சஞ்சித் தன் பங்கைத் திருப்பிவிட்டு மறுபடி ஃபேன் சுற்றும் வரைக்கும், அந்தப் புழுக்கத்தில் அவள் நெற்றியில் பூத்திருந்த வேர்வையை என் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

காரியம் முடிந்த பிறகு பங்கு ஆபீஸுக்குப் போனேன். தகரம் வெட்டும் கத்தரியைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். எல்லோரும் பார்க்க என் காப்பை அறுத்து மேஜைமேல் போட்டேன். இனி உங்களுக்குப் பங்கு கிடையாது பெரியவரே, கணக்கில் நீங்கள் ஆள் இல்லை என்றார்கள். அதைத்தான் கேட்க வந்தேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்படிக் காப்பு அறுத்தவர்கள் அப்போது ஊருக்கு ஒருவர் இருவர் இருந்தோம். விசாரித்தால் பாதிப் பேர் பெண்டாட்டி செத்தவர்களாக இருப்பார்கள்.

பங்கு இல்லாதவன் பங்கு ஓடுகிற வீட்டில் இருப்பதும் திருட்டுத்தான். அதனால் பஸ் வாங்கினேன்.

வெயில் காலத்தில் பள்ளிக்கூடங்களை மூடி மூடி, கடைசியில் பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்கிறார்கள் என்று ஆனபோது, பள்ளி வண்டிகளை ஏலம் விட்டார்கள். எனக்குக் கிடைத்தது மஞ்சள் வண்டி, பேட்டரியில் ஓடுவது. அந்தப் பேட்டரியில் வண்டியைக் கொஞ்ச தூரம் நகர்த்துகிற அளவுக்குத்தான் உயிர் மிச்சம். நான் கட்டியதெல்லாம் டீசல் வண்டிகள், இருந்தாலும் பாடி என்றால் பாடிதான். உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாகப் பிள்ளைகளை எண்ணுகிற கேமரா, பேசுகிற பெட்டி, டிரைவரை வேவு பார்க்கிற கண் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தேன். பக்கவாட்டில் சார்ஜ் போடுகிற வாய் ஒன்று இருந்தது. அதை சுத்தியலால் உடைத்து, மேலே தகடு வைத்து வெல்டிங் அடித்தேன். இனி வெளியிலிருந்து ஒரு சொட்டுக் கரண்டு உள்ளே வராது. எனக்கு அப்படி ஒரு திருப்தி.

சின்னச் சின்ன சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில் போட்டேன். பிள்ளைகள் பை வைக்கிற மேல்தட்டில் தட்டுமுட்டுச் சாமான். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் அடுப்பு, உள் கண்ணாடியில் முகச் சவரம். பின்பக்க அவசர வழிதான் கொல்லைக் கதவு. கூரையில் சோலார் பலகைகளை வரிசையாகப் பூட்டினேன். பழையவைதான், விற்றவன் இன்னும் நல்ல உயிர் இருக்கிறது என்றான். மற்றவன் பேச்சை நம்பாத நான் அவன் பேச்சை நம்பினேன். அவனும் காப்பு போடாதவன், அவ்வளவுதான்.

வண்டி வயிற்றுக்கு அடியில் அகலமாக ஒரு தகடு தொங்கியது. பேட்டரிப் பெட்டிக்குக் கல் அடிக்காமல் இருக்கப் போட்ட தடுப்பு என்று நினைத்தேன். துருப்பிடிக்கக் கூடாதே என்று அதற்கு என் கையாலேயே தார் பூசினேன்.

வண்டியை எங்கள் நிலத்திலேயே, வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், வேப்பமரத்துப் பக்கம் நிறுத்துவது என்று முடிவு. அப்போது மருமகள் மிருதுளா குறுக்கே வந்தாள். அவள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். அதிர்ந்து பேச மாட்டாள். அடுப்புப் பற்ற வைக்கிற இடம் எதுவானாலும் அது வீடுதான், மனைப் பூஜை போடாமல் சக்கரம் அங்கே நிற்கக் கூடாது என்று சொன்னாள். பஸ்ஸுக்கு என்ன பூஜை என்று கேட்டேன்.

"அத்தை இருந்திருந்தா விட்டிருப்பாங்களா மாமா?" என்றாள்.

நாள் பார்க்கச் சொன்னேன்.

பூஜைக்குத் தம்பதியாக உட்கார வேண்டும். நான் ஒண்டிக்கட்டை. அதனால் சஞ்சித்தும் அவளும் உட்கார்ந்தார்கள், நான் வேப்பமரத்தடியில் எட்டி நின்றேன். குழி சாதாரண மனைக்குத் தோண்டுவதைவிட அகலமாக இருந்தது. நவதானியம் போட்டார்கள், எலுமிச்சம்பழம் போட்டார்கள். பிறகு மஞ்சள் துணி போர்த்திய ஒரு பலகையை இரண்டு பேருமாகச் சேர்த்து இறக்கினார்கள். யந்திரத் தகடு, ஐயர் கொடுத்தது, பூஜைக்கு உட்கார்ந்தவர்கள் தவிர யார் கண்ணும் படக் கூடாது என்று அவள் சொன்னாள். உலகத்தில் எதையும் திறந்து பார்க்காமல் விடாதவன் நான். அன்றைக்குக் கையைக் கூப்பிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மண்ணை மூடி, மேலே குங்குமம் தடவிய ஒரு கல்லை வைத்தார்கள். வண்டியை அதன்மேல் ஏற்றி நிறுத்தச் சொன்னார்கள். மிருதுளா பின்னால் நின்று, இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரு சாண், கொஞ்சம் இடது என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். இத்தனை நுணுக்கமாக எந்தக் கண்டக்டரும் எனக்கு ரிவர்ஸ் பார்த்ததில்லை என்று கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை, குனிந்து வண்டிக்கு அடியிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்தி என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் வீட்டிலிருந்து வண்டி வரைக்கும் முருங்கை நடப் போகிறோம், சொட்டுநீர்க் குழாய்க்கு வாய்க்கால் வேண்டும் என்றார்கள். சும்மா இருக்கிறேனே என்று நானே மண்வெட்டி எடுத்து வெட்டிக் கொடுத்தேன்.

அந்த வருஷத்து வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டாம். என் வண்டிக்குள் மட்டும் குளுகுளு என்று இருந்தது. பள்ளிக்கூடக் காலத்து ஏசி, கூரையில் உட்கார்ந்துகொண்டு சத்தமே இல்லாமல் ஓடியது. எனக்குத் தலை கனத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் பார்க்க வர ஆரம்பித்தார்கள். திருப்பூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வந்தார்கள். செல்போனில் படம் பிடித்தார்கள். நான் எல்லோரையும் குனிய வைத்து வண்டிக்கு அடியில் பார்க்கச் சொல்வேன். கம்பி இருக்கிறதா பார், குழாய் இருக்கிறதா பார், எவனிடமாவது கை நீட்டுகிறேனா பார் என்று கேட்பேன். அந்தத் தகட்டைக் கையால் தட்டிக்கூடக் காட்டியிருக்கிறேன். இது கல்லடிக்குப் போட்டது என்று விளக்கம் வேறு சொல்வேன்.

பட்டறையில் என்னோடு வேலை பார்த்த தெய்வசிகாமணியும் சைக்கிள் மிதித்து வந்தான். அவனும் பெண்டாட்டியை இழந்தவன், அவனும் காப்பு அறுத்தவன். அதுவரை மத்தியானங்களில் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு புளியமரத்தடியில் கிடந்திருக்கிறான். என் கட்டிலில் படுத்து ஒரு தூக்கம் போட்டுவிட்டு எழுந்தவன், ராசாவாட்டம் இருக்கிறாயே என்றான். அடுத்த மாதமே அவனும் ஒரு பள்ளி வண்டி பிடித்துவிட்டான். பலகைகளை யாரிடம் வாங்குவது என்று நான்தான் ஆள் சொல்லிவிட்டேன்.

பேத்தி இதழினிக்கு நாலு வயசு. மத்தியானமானால் வீட்டிலிருந்து நழுவி வந்து என் படிக்கட்டில் நிற்பாள். கதவுச் சந்து வழியாக வருகிற குளிர் காற்றுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு கண்ணை மூடி நிற்பாள். உள்ளே விடச் சொல்லிக் கேட்பாள்.

அவள் கையில் காப்பு இருந்தது. காப்புப் போட்ட யாரும் என் வண்டிக்குள் ஏறக் கூடாது என்பது நான் வைத்திருந்த சட்டம். மகனுக்கும் அதுதான், மருமகளுக்கும் அதுதான். காப்பு உள்ளே வந்தால் ஆபீஸும் உள்ளே வந்த மாதிரி. பேத்தி என்று ஒரு தளர்வு வைத்தால் அதன் வழியாக எல்லாம் நுழைந்துவிடும் என்று நினைத்தேன். ஜன்னல் வழியாக நுங்கு கொடுப்பேன். அதைக் கழட்டிட்டு வா சாமி, அப்பாரு உன்னை மடியில் வைத்துக்கொள்கிறேன் என்பேன். கழற்ற முடியாது என்று தெரிந்துதான் சொன்னேன். குழந்தை பல்லால் கடித்துக் கடித்துப் பார்க்கும். பிறகு படிக்கட்டிலேயே உட்கார்ந்து நுங்கைத் தின்றுவிட்டுப் போகும்.

அதன் கழுத்தெல்லாம் வேர்க்குரு. முதுகில் வேனல் கட்டி. ஒரு நாள் மிருதுளா கூட்டிப்போக வந்தபோது நான் ஜன்னலில் இருந்தபடியே கேட்டேன்.

"ரெட்டைப் பங்கு குடுக்குறான், ரெட்டைப் பங்கு குடுக்குறான்னு பெருமை பேசறீங்களே அம்மிணி. புள்ள முதுகைப் பாரு, கொப்புளமாப் போட்டுக் கெடக்குது. எங்க போகுது அந்தப் பங்கெல்லாம்?"

"போற எடத்துக்குப் போகுதுங்க மாமா" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். வாய்த்துடுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

சித்திரை நடுவில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். ஏசி நின்றது.

எழுந்து உட்கார்ந்தேன். படிக்கட்டுக்கு மேலே இருந்த சின்ன பல்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. கூரையில் ஏறிப் பார்த்தேன். வெயில் நெருப்பாகக் கொட்டுகிறது, பலகை ஒன்றிலும் தூசி இல்லை, பூட்டு ஒன்றும் கழலவில்லை. இறங்கி வண்டிக்கு அடியில் புகுந்தேன். எலி கடித்திருக்குமோ என்று பார்த்துக்கொண்டே போனபோது, குங்குமக் கல்லின் பக்கத்தில் மண் பிளந்திருந்தது. அந்தப் பிளவில் சாம்பல் நிறமாக ஏதோ தெரிந்தது. யந்திரம் செம்பில்தான் இருக்கும். விரலால் கீறினேன், பிறகு கடப்பாரையால். மஞ்சள் துணி மக்கிப்போயிருந்தது. அதற்குக் கீழே ஒரு மண்தகடு. அதிலிருந்து மணிக்கட்டுப் பருமனில் ஒரு கேபிள், நான் வெட்டிக் கொடுத்த வாய்க்கால் வழியாக வீட்டைப் பார்த்துப் போனது.

எனக்கு முதலில் என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வேவு பார்க்கிறார்கள் என்று தோன்றியது. என் பெண்டாட்டி பேரைச் சொல்லிச் சாமியை வைத்து ஏமாற்றி, பங்கு ஆபீஸை என் படுக்கைக்கு அடியில் புதைத்துவிட்டாள் மருமகள் என்று தோன்றியது. அந்தக் கடப்பாரையோடேயே வீட்டுக்குப் போனேன். வாயில் வராத வார்த்தை இல்லை.

வீடு திறந்து கிடந்தது, ஆள் இல்லை. உள்ளே கால் வைத்ததும் முகத்தில் அனல் அடித்தது. வெளியே மரநிழலில்கூட அவ்வளவு சூடு இல்லை. குழந்தையின் கட்டிலைச் சுற்றிக் கயிறு கட்டி ஈரத் துண்டுகள் தொங்கவிட்டிருந்தார்கள், அவையும் காய்ந்து விறைத்துப்போயிருந்தன. கட்டிலுக்கு மேலே இருந்த ஃபேனைப் பார்த்தேன். றெக்கைக்கும் தண்டுக்கும் நடுவே சிலந்தி வலை பின்னியிருந்தது. ஓடுகிற ஃபேனில் சிலந்தி கட்டாது.

பக்கத்துத் தோட்டத்து மயிலாத்தாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள். குழந்தை மயங்கி விழுந்துவிட்டது, வாயில் நுரை, அம்மாக்காரி வண்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்துவிட்டாள் என்றாள். எப்போது என்று கேட்டேன். அரை மணி இருக்கும், வண்டி பாலம் தாண்டித் திரும்பியதைப் பார்த்தேன் என்றாள். ஏசி நின்ற நேரம்.

ஃபேன் நின்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இந்த ஊரில் என்னைவிட நன்றாக அது யாருக்கும் தெரியாது.

கடப்பாரை எங்கே விழுந்தது என்று ஞாபகம் இல்லை. ரோட்டுக்கு ஓடினேன். இரண்டு ஆட்டோ நின்றது. காப்பு இல்லாதவரை ஏற்றினால் வண்டி நகராதுங்க என்று சொல்லிவிட்டு இரண்டும் போய்விட்டது. நடந்தேன். தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுத்தது. வழியெல்லாம் அந்தக் குழந்தை பல்லால் காப்பைக் கடிக்கிற சத்தம் மட்டும் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

சுகாதார நிலைய வராந்தாவுக்குள் விழாத குறையாக நுழைந்தேன். கட்டிலில் ஈரத் துணி சுற்றி, ஐஸ் பொட்டலம் வைத்து, இதழினி கிடந்தாள். மிருதுளா அவள் தலைமாட்டில் நின்று குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் வயிறு ஏறி இறங்கியது. மறுபடி ஏறி இறங்கியது.

மிருதுளா திரும்பினாள். என் கை முழுக்க மண்ணும் குங்குமமுமாக இருந்ததை அவள் பார்த்தாள்.

"கரண்டு நின்னுபோச்சுன்னு கேக்க வந்தீங்களா மாமா?"

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். ஆனால் முதலில் அதைக் கேட்கத்தானே கடப்பாரையோடு வீட்டுக்குப் போனேன்.

அவளே ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தாள். என் தலையில் ஈரத் துணியைப் போட்டாள். பிறகு, வேலை செய்துகொண்டே, நோயாளியின் சொந்தக்காரர்களுக்குச் சொல்லுகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள். காப்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் பங்கு. பாலம் தாண்டினால் ஊர் எல்லை முடிகிறது, அதற்குப் பிறகு குழந்தையின் பங்கு இந்த ஆஸ்பத்திரித் தகட்டுக்கு வந்துவிடும். ஒரே நிலத்துக்குள் குழந்தையின் பங்கை எந்தத் தகட்டுக்கு வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளலாம். அதைத்தான் செய்திருந்தார்கள்.

"பள்ளிக்கூட வண்டியெல்லாம் மண்தகட்டு மேல நின்னுதாங்க சார்ஜ் ஏறும். சைடு வாய் அவசரத்துக்கு. நீங்க தார் பூசுனீங்களே, அதுதான் வண்டியோட தகடு."

என் பலகைகள் என்று இழுத்தேன்.

"பல்பு எரிஞ்சுதுங்களா?"

"எரிஞ்சுது."

"அது உங்களுதுங்க மாமா. அந்த பல்பு மட்டும்."

ஊரெல்லாம் கூட்டி வைத்து நான் காட்டிய சாமர்த்தியத்தின் அளவு அதுதான்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் வண்டியை ஓட்டிக்கொண்டு எங்கேயாவது காட்டில் போய் நிறுத்தியிருப்பீர்கள் என்றாள். வெயில் அடித்துத் தூக்கி வருகிற கிழவர்களைத் தினமும் பார்க்கிறவள் அவள். தகரக் கூட்டுக்குள் ஒரு சித்திரையைத் தாண்ட மாட்டீர்கள் என்று தெரியும் என்றாள். அவர்கள் இரண்டு பேர் பங்கும் அவர்களோடேயே வேலைக்குப் போய்விடும். பகலில் ஏசி ஓடுகிற அளவுக்கு இருந்தது குழந்தையின் ரெட்டைப் பங்கு ஒன்றுதான்.

"மத்தியானம் ரெண்டு மணி நேரம் புள்ளைய உங்ககூட விட்டுட்டாப் போதும், ரெண்டு பேருக்கும் ஆச்சுன்னு நெனச்சோம். அப்பாரு பேத்திய ஏத்தாம இருப்பாருன்னு எங்களுக்குத் தெரியலீங்க."

அதைச் சொல்லும்போதும் அவள் குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

குழந்தை கண் விழித்தது. என்னைப் பார்த்தது. பேசத் தெம்பு இல்லை, காப்புப் போட்ட கையை மட்டும் மெதுவாக இழுத்துப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு அந்த ஸ்டூலில் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

இதழினி வீட்டுக்கு வருவதற்குள், திருப்பூரில் வேலை பார்க்கிற இடத்திலிருந்து ஓடி வந்த சஞ்சித்தை வைத்து அந்தப் பங்கை மறுபடி அவள் அறைக்குத் திருப்பச் செய்தேன். அவன் என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். ஃபேனில் இருந்த சிலந்தி வலையைத் துடைத்துக்கொண்டே, சாப்பிட்டீங்களாப்பா என்று மட்டும் கேட்டான். பங்கு ஆபீஸில் போய் வரிசையில் நின்றேன். எதற்காக மறுபடி காப்பு கேட்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். வயசாயிருச்சுங்க என்றேன். அன்றைக்குக் கத்தரியோடு வந்தவன் நான்தான் என்று அங்கே ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. அதுவும் ஒரு மாதிரி இருந்தது.

வீட்டில் இருக்கையில்தான் சிகாமணி ஞாபகம் வந்தது.

அதே பலகைகள். அதே ஆளிடம் வாங்கியது. எனக்கு எரிந்த அளவுக்கு அவனுக்கும் ஒரு பல்பு எரியும். அந்தத் தகரக் கூட்டுக்குள் அவன் உயிரோடு இருக்கிறானா என்பதே சந்தேகம். மறுநாள் காலையிலேயே புறப்பட்டேன். காப்பு இருந்ததால் பஸ் ஏற்றிக்கொண்டது. சட்டையின் முழுக்கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக் காப்பை மூடிக்கொண்டேன். நான் சொல்லி ஒருவன் காட்டில் போய் உட்கார்ந்திருக்கிறான், அவனிடம் இந்தக் கையோடு போய் நிற்க வேண்டும்.

சின்னதாராபுரம் தாண்டி அவன் தோட்டத்துக்குள் நுழைந்தபோது உச்சி வெயில். மஞ்சள் வண்டி தூரத்திலேயே தெரிந்தது. கதவு சாத்தியிருந்தது. தட்டினேன்.

கதவைத் திறந்தவன் பனியனோடு நின்றான். குளிர் காற்று என் முகத்தில் வந்து மோதியது.

"வா மாப்ள. காஞ்ச கருவாடாட்ட வந்து நிக்கிற. ஏறு, ஏறு" என்று இழுத்து உள்ளே விட்டான்.

ஏசி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலில் உட்கார்ந்தேன். ஒரு நிமிஷம், எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்படியானால் எனக்கு விற்ற பலகைதான் சொத்தை, இவனுக்கு நல்லது கிடைத்திருக்கிறது. நான் ஊருக்குச் சொன்னது பொய் இல்லை. இந்த நினைப்பு எவ்வளவு சுகமாக இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

சிகாமணி மோர் கலக்கிக்கொண்டே பேசினான். இந்தப் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் காப்பை அறுத்துவிட்டு வண்டி தேடிக்கொண்டிருக்கிறார்களாம். எல்லாம் உன்னால்தான் என்றான். வந்தவர்களையெல்லாம் குனிந்து பார்க்கச் சொல்கிறானாம், நான் செய்த மாதிரியே. பெரிய மகள் வீடு இதே நிலத்தின் அந்தக் கோடியில்தான் இருக்கிறது, அவளுக்குத்தான் பாவம், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அந்த ஆபீஸ்காரன் பங்கை நம்பி வெந்துகொண்டிருக்கிறாள், எத்தனை சொன்னாலும் கேட்பதில்லை என்று சலித்துக்கொண்டான்.

மோர் டம்ளர் என் கையில் சில்லென்று இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுப் படிக்கட்டில் இறங்கினேன். எங்கே போகிறாய் என்று அவன் கேட்டான். மண்டி போட்டு வண்டிக்கு அடியில் பார்த்தேன். தார் பூசிய தகடு. அதற்கு நேர் கீழே, நிழலில், குங்குமம் தடவிய ஒரு கல். வண்டிக்கு அடியிலிருந்து மகள் வீடு வரைக்கும் வரிசையாகப் புது முருங்கைக் கன்றுகள்.

சிகாமணி வாசலில் நின்று சிரித்தான். "கம்பி தேடறியாடா? நீ சொல்லிக் குடுத்ததுதான், ஒண்ணும் இருக்காது."

எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினேன். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மனைப் பூஜைக்கு யாரு உக்காந்தாங்க சிகாமணி?"

"பெரியவளும் மாப்பிள்ளையும். கரூர்ப் பக்கத்து நர்ஸ் ஒருத்தி சொன்னாளாம், பஸ்ஸுன்னாலும் பூஜை போடாம நிறுத்தக் கூடாதுன்னு. ஏன் கேக்கற?"

பொத்தானைக் கழற்றி, சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடித்து ஏற்றினேன்.